ஊழியத்துக்குச் சங்கு ஊதுவதில்லை

நினைவுக் கூட்டத்தில் எனக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். "ஒரு கவிதை வாசிச்சிருங்க மேடம், அது போதும்" என்றார் ஒருங்கிணைத்தவர். பொன்மலையில் ரயில்வே குடியிருப்புகளை ஒட்டிய ஒரு சிறிய அரங்கம் அது. மேடையில் மாலை போட்ட படம். படத்தில் இருந்தவர் கொடைக்கானலில் ஒரு கிறிஸ்தவ விடுமுறை இல்லத்தில் 28 ஆண்டுகள் 'ஹோஸ்டஸ்' ஆக இருந்தவர். இல்லத்தின் பெயரையும் அவருடைய பெயரையும் இங்கே நான் எழுதப்போவதில்லை. பொன்மலைப் பிள்ளைகளுக்கு அவர் ஆன்ட்டி. எங்கள் அம்மாக்களுக்கு அக்கா.

எட்டுப் பேர் பேசினார்கள். அதில் ஆறு பேர் ஆண்கள். எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். அவர் ஒரு தாய். ஒருநாளும் முகம் சுளிக்காதவர். நள்ளிரவில் போய்க் கதவைத் தட்டினாலும் சூடாகச் சோறு போட்டவர். தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர். போதகர் இன்னும் அழகாகச் சொன்னார்: மார்த்தாளின் கைகளும் மரியாளின் இருதயமும் ஒருசேர வாய்த்தவராம். கூட்டம் "ஆமென்" என்றது. அடுத்து நான் எழுந்து மூடுபனியும் வெந்நீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் வரும் ஒரு கவிதையை வாசித்தேன். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வண்டியோட்டி வரும்போதுதான் அந்த ஒரு வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர். அவர் வைத்துக்கொள்ளவில்லையா, அவருக்கு யாரும் கொடுக்கவில்லையா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் அந்த அரங்கில் ஒரு சிலர் இருந்தோம். அவர்களில் நானும் ஒருத்தி. தெரிந்தும் கவிதை வாசித்துவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரை அந்த மூன்று நிமிடத்துக்கான திருத்தம்.

*

நான் பொன்மலைக்காரி. அப்பா பணிமனையில் ஃபிட்டர். தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்துப் பொன்மலைக்குக் கொண்டுவந்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்தப் பெயர்ச்சியின்போதே ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1946 செப்டம்பர் 5 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் செங்கொடி ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

எங்கள் ஊரில் நேரத்தைச் சொல்வது பணிமனைச் சங்குதான். சங்கு ஊதினால் வேலை ஆரம்பம், சங்கு ஊதினால் சாப்பாடு, சங்கு ஊதினால் வீடு. சங்குக்கு மேல் ஒரு மணிநேரம் நின்றால் அதற்கு ஓவர்டைம். அப்பாவுக்கு விடுப்புக் கணக்கு உண்டு, மருத்துவமனை உண்டு, ஓய்வூதியம் உண்டு. இவை யாருடைய அன்பினாலும் வந்தவை இல்லை என்று அப்பா அடிக்கடி சொல்வார். உழைப்புக்கு அளவு இருக்கிறது, அளவுக்கு மேல் கேட்டால் மறுக்கலாம் என்ற பாடத்தை மார்க்ஸைப் படிப்பதற்கு முன்பே சங்கிடம் படித்தேன்.

அதே வீட்டில் அம்மாவுக்குச் சங்கு கிடையாது. அப்பா முதல் ஷிப்டுக்குப் போக அம்மா நாலு மணிக்கு எழுந்தார். அப்பா ஓய்வுபெற்ற பிறகும் நாலு மணிக்கே எழுந்தார். அம்மாவின் வாழ்க்கையில் சமைக்காத நாட்கள் என்றால் இரண்டு பிரசவங்களும், கொடைக்கானலில் கழிந்த சில மே மாதங்களும்தான். ரயில்வே பாஸில் திருச்சியிலிருந்து கொடை ரோடு வரை போவோம். அங்கிருந்து பேருந்து. சபைக் குடும்பங்களுக்கு அந்த இல்லத்தில் கட்டணச் சலுகை இருந்தது. 1986இல் முதன்முதலாகப் போனபோது எனக்கு ஏழு வயது. காலையில் அம்மா வழக்கம்போல எழுந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல், கட்டிலின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி காபியோடு வந்து, "படும்மா. இங்க உனக்கு ஒரு வேலையும் இல்ல" என்றார். அம்மா அழுதுவிட்டார்.

ஆன்ட்டியை நான் நேசித்தது அந்தக் கணத்திலிருந்து. என் அம்மாவை ஒரு மனுஷியாகப் படுக்கச் சொன்ன முதல் ஆள் அவர். அந்தப் பத்து நாளும் அம்மாவின் நாலு மணி எங்கே போனது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அது ஆன்ட்டியின் நாலு மணியாக மாறியிருந்தது.

*

ஹோஸ்டஸ் என்பவர் என்ன வேலை செய்கிறார்? வாசலில் நின்று புன்னகைக்கிறார் என்று நினைப்போம். பின்னாளில் ஆன்ட்டியிடம் உட்கார்ந்து கேட்டு நான் எழுதி வைத்திருக்கும் பட்டியல் இது.

பதினெட்டு அறைகளுக்கு முன்பதிவுக் கடிதங்களும் பதில்களும். கம்பளி, விரிப்பு, தலையணை உறை என எண்ணிப் போட்டு எண்ணி வாங்கும் சலவைக் கணக்கு. வத்தலகுண்டிலிருந்து அரிசி பருப்பு, மலையிலேயே காய்கறி, முட்டை, பால், விறகு. சர்க்கரை நோயாளிக்குத் தனிச் சாப்பாடு, பல் இல்லாத முதியவருக்குக் குழைந்த சோறு, குழந்தைக்கு இரவுப் பால். மழையில் ஒழுகும் கூரைக்கு ஆள் பிடிப்பது, பாய்லர் பழுது, தண்ணீர் வராத நாள். இரவில் மூச்சுத்திணறும் விருந்தாளியை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது. காலை ஜெபத்துக்குப் பாட்டுப் புத்தகம் எடுத்து வைப்பது. மாதக் கடைசியில் கமிட்டிக்கு வரவு செலவு எழுதி அனுப்புவது.

இவற்றை ஒரு ஓட்டலில் செய்தால் மேலாளர், கணக்காளர், கொள்முதல் அலுவலர், வரவேற்பாளர், இரவுக் காவலர் என்று குறைந்தது ஐந்து பதவிப் பெயர்கள் தேவைப்படும். இங்கே ஒரே பெயர், ஹோஸ்டஸ். அதற்குமேல் கணக்கில் வராத ஒரு வேலையும் உண்டு: முகம் சுளிக்காமல் இருப்பது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்டு விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதிய நூலில் இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். பயணியின் மனம் நிம்மதியாக இருக்கத் தன் மனத்தை ஒழுங்குபடுத்திக்கொள்வதும் வேலைதான், அதையும் நிறுவனம் விற்றுக் காசாக்குகிறது என்பது அவர் வாதம். அந்தப் பணிப்பெண்களுக்கு விமானம் தரையிறங்கினால் புன்னகையைக் கழற்றிவைக்க ஒரு வீடாவது இருந்தது. ஆன்ட்டியின் அறை சமையலறையை ஒட்டி இருந்தது. அதன் கதவை இரவில் யாரும் எப்போதும் தட்டலாம். தட்டியதைத்தான் அன்று மேடையில் பெருமையாகச் சொன்னார்கள்.

*

2009இல் ஒருநாள் துணிந்து கேட்டேன். அவர் ஓய்வுபெற்றுப் பொன்மலைக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"ஆன்ட்டி, கடைசியா உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?"

அவருக்கு முகம் மாறியது. "சம்பளம்னு சொல்லாதம்மா. அது மதிப்பூதியம். நான் வேலைக்கா போனேன்? ஊழியத்துக்குப் போனேன்."

மதிப்பூதியம் மாதம் 3,500 ரூபாய். தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. விடைபெறும்போது பொன்னாடை, கேடயம், ஒரு சுவர்க்கடிகாரம், விருந்தாளிகளிடம் திரட்டிய 10,000 ரூபாய் அன்பளிப்பு.

நான் தமிழ் படித்தவள். சொல்லைப் பிடித்தால் விடமாட்டேன். ஊழியம் என்ற சொல்லுக்குத் தொண்டு என்றும் பொருள் உண்டு, அடிமை வேலை என்றும் பொருள் உண்டு. பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்புக்கு ஊழியம் என்றே பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களைக் கோயில் ஊழியத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் விடுவிக்கச் சொல்லி மிஷனரிகள் வாதாடினார்கள். அது அவர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. கூலி கொடுக்காத வேலை மனிதத் தன்மைக்கு இழுக்கு என்று அன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே சொல் தேவாலயத்துக்குள் புனிதமாகிவிட்டது. இன்னொரு பக்கம் அலுவலகத்துக்குள் போய் அரசு ஊழியர், வங்கி ஊழியர் என்றாகி அகவிலைப்படியும் பணிக்கொடையும் வாங்குகிறது. நானே ஒரு கல்லூரி ஊழியர். ஊழியர் என்றால் உரிமை, ஊழியம் என்றால் தியாகம் என்று எப்படிப் பிரிந்தது? யார் எந்தப் பக்கம் போய் விழுகிறார்கள் என்று பார்த்தால் விளங்கும். போதகருக்கும் ஊழியம்தான். ஆனால் அவருக்குச் சம்பள விகிதமும் குடியிருப்பும் உண்டு. அவருக்குச் சோறு போட்டவளுக்கு வருகிறபோது ஊழியம் தன் பழைய திருவிதாங்கூர்ப் பொருளுக்கே திரும்பிவிடுகிறது.

*

இதைச் சொன்னால் உடனே விருந்தோம்பல் தமிழர் பண்பாடு என்பார்கள். அந்தப் பண்பாட்டைப் பாடமாக நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். தொல்காப்பியத்தின் கற்பியல் மனைவியின் மாண்புகளைப் பட்டியலிடும்போது விருந்து பேணுவதையும் அதில் சேர்க்கிறது. மதுரையில் கண்ணகி கோவலனிடம், நீங்கள் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையும் இழந்தேன் என்று வருந்துகிறாள். கணவன் இல்லாத வீட்டில் பெண்ணுக்கு விருந்தோம்பும் தகுதியும் இல்லை. உழைப்பு அவளுடையது, உரிமை அவன் கூட இருக்கும்வரை.

குறுந்தொகையில் கூடலூர் கிழாரின் பாட்டு ஒன்று உண்டு. புதிதாக மணமானவள் தயிர் பிசைந்த கையைச் சேலையில் துடைத்து, தாளித்த புகை கண்ணில் ஏற, புளிப்புக் குழம்பு வைக்கிறாள். அவன் உண்டு இனிது என்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இல்லறத்தின் இனிமைக்கு உதாரணமாக எல்லா வகுப்பிலும் நடத்தும் பாட்டு. சில ஆண்டுகளுக்கு முன் முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அவ சாப்பிட்டாளா மேடம்?"

பதினைந்து ஆண்டு நடத்தியும் எனக்குத் தோன்றாத கேள்வி. பாட்டில் அதற்குப் பதில் இல்லை.

மார்த்தாள் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், விருந்தாளிகளுக்கான வேலை முழுவதும் தன் ஒருத்தி தலையில் விழுந்திருக்கிறது என்று அவள் இயேசுவிடமே முறையிடுகிறாள். இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பிரசங்க மேடைகள் அவளைக் கவலைப்பட்டுப் பரபரத்தவள் என்று கண்டிக்கின்றன. அது ஒரு தொழிலாளியின் புகார் மனு என்று வாசித்த பிரசங்கத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. பிரசங்கம் முடிந்ததும் போதகருக்கு யாரோ ஒரு மார்த்தாள் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். அவள் கைகளைப் புகழ்ந்துவிட்டு அவர் கை கழுவப் போகிறார்.

*

எனக்கு எதிராக நானே சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அந்த வேலை ஆன்ட்டிக்கு விடுதலையாகவும் இருந்தது.

1979இல் அவர் மலைக்குப் போனபோது வயது 34. கல்யாணம் ஆகாத பெண். பொன்மலையில் அண்ணன் வீட்டின் ஓர் ஓரமாக, அண்ணன் பிள்ளைகளுக்கு ஆயாவாக முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை. மலையில் அவருக்குச் சாவிக்கொத்து கிடைத்தது. காண்டிராக்டர்கள் அவர் முன்னால் நின்று பதில் சொன்னார்கள். சேற்றுச் செருப்போடு உணவறைக்குள் வந்த ஒரு பெரிய மனிதரை அவர் வாசலுக்குத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். கண்ணகிக்கு இல்லாமல் போன பேற்றை, கணவன் இல்லாமலே, தன் பெயரில், ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவர் நடத்திக் காட்டினார். தனியாக வாழ விரும்பிய எத்தனையோ பெண்களுக்குக் கிறிஸ்தவ நிறுவனங்கள் இப்படி ஒரு வாசலைத் திறந்தன. அதை மறுப்பவள் இல்லை நான்.

ஆனால் அந்த வாசலுக்குள் போனவள் திரும்பி வரும்போது எங்கே வருவாள் என்று யாரும் யோசிக்கவில்லை. அவருடைய அப்பா இறந்தபோது சொத்துப் பிரிந்தது. கிறிஸ்தவப் பெண்ணுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சகோதரர்களுக்குச் சமமான பங்கைத் தருகிறது. ஆன்ட்டி தன் பங்கை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "எனக்கு எதுக்கும்மா வீடு? எனக்குத்தான் மலைமேல அவ்வளவு பெரிய வீடு இருந்துச்சே" என்றார்.

62 வயதில் அந்தப் பெரிய வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினார். பொன்மலைப்பட்டியில் அண்ணன் மகன் வீட்டில், சமையலறையை ஒட்டி ஓர் அறை. மீண்டும் நாலு மணி. மருந்துச் செலவுக்குச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்தார். கண் மங்கும் வரை தைத்தார். 78ஆம் வயதில் இறந்தார்.

*

கொடைக்கானலே ஒரு விடுமுறை இல்லமாகப் பிறந்த ஊர்தான். பளியர்களும் புலையர்களும் தலைமுறைகளாக வாழ்ந்த அந்த மலையில், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பி வந்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845இல் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சன்னிசைட், ஷெல்டன் என்று அவற்றுக்குப் பெயர். வீட்டின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. மோட்டார் சாலை வர முதல் உலகப்போர்க் காலம் வரை ஆனது. அதுவரை டோலியிலும் நாற்காலியிலும் துரைகளையும் துரைசானிகளையும் தூக்கிக்கொண்டு ஏறியவர்களின் பெயரை நான் எந்தக் கல்வெட்டிலும் பார்த்ததில்லை.

1901இல் அதே ஊரில் ஹைக்ளெர்க் என்ற பழைய விடுதியில் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியது. முதல் தலைமையாசிரியர் மார்கரெட் எடி. மகனைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தாய். அவர் நினைவுகூரப்படுகிறார், நல்லது. வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை 1918இல் தொடங்கிய ஐடா ஸ்கடர் ஓய்வுக்குப் பின் கொடைக்கானலில் ஹில்டாப் என்ற தன் வீட்டில் வாழ்ந்து 1960இல் அங்கேயே இறந்தார். அவரைத் தேடி விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர் உழைப்புக்கு முன் நான் தலைவணங்குகிறேன். அதோடு ஒன்றையும் கவனிக்கிறேன். ஊழியம் முடிந்தபின் போய் உட்கார அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதே மலையில் ஊழியம் செய்த பொன்மலைப் பெண்ணுக்கு இல்லை.

இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. சுவிட்சர்லாந்தின் ஹூமோ கிராமத்தில் 1955இல் ஃபிரான்சிஸ் ஷேஃபரும் ஈடித் ஷேஃபரும் தங்கள் மலைவீட்டைத் திறந்துவைத்து 'லாப்ரி' என்று பெயரிட்டார்கள். கேள்விகளோடு உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். பேச்சுகளால் புகழ்பெற்றவர் ஃபிரான்சிஸ். வந்தவர்களின் மேசையை நிரப்பியவர் ஈடித். அவராவது நிறையப் புத்தகங்கள் எழுதித் தன் கதையைத் தானே சொல்லிவிட்டார். எழுதக் கை ஒழியாத ஹோஸ்டஸ்களின் கதையை அவர்களிடம் சாப்பிட்டவர்கள்தான் சொல்கிறார்கள். சாப்பிட்டவர்கள் ருசியைத்தான் சொல்வார்கள்.

*

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

ஆன்ட்டி வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, 1978இல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, தர்ம நிறுவனம் என்ற ஒரே காரணத்தால் ஒரு அமைப்பு தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே போய்விடாது என்று சொன்னது. லாபம் நோக்கமா என்பதைப் பார்க்காதே, ஆள் வைத்து முறையாக வேலை நடக்கிறதா என்று பார் என்பது அதன் சாரம். அவர் வேலை செய்த காலம் முழுவதும் நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தியது. பெயரில் கொடை இருந்தாலும் அது கொடை அல்ல, உரிமை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம்.

"எங்க இல்லத்துல நிரந்தரமா ஏழு பேர்தான், சட்டமெல்லாம் வராது" என்று கமிட்டியில் சொன்னதாக ஆன்ட்டி சொன்னார். வழக்கறிஞரான என் தோழி சட்டத்தை எடுத்துக் காட்டினாள். முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒருநாள் பத்துப் பேர் வேலை செய்திருந்தால் போதும். ஏப்ரல், மே சீசனில் அந்த இல்லத்தில் கூடுதலாக ஐந்தாறு பேர் வேலை செய்தார்கள். ஆக, வாதாட இடம் இருந்தது. 3,500 ரூபாயை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 28 ஆண்டால் பெருக்கினால் 56,538 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் ஃபால்ஸ் தைத்து அந்தப் பணத்தைச் சேர்க்க எத்தனை சேலை வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

தோழி மனு எழுதித் தரத் தயாராக இருந்தாள். ஆன்ட்டி மறுத்தார். "கர்த்தரோட வீட்டு மேல கேஸ் போடுவேனா?" நான் வற்புறுத்தவில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், மே மாதத்து மூடுபனியும் அம்மாவின் அந்தக் கண்ணீரும் எனக்குள் கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்திருக்கிறேன். என் நல்ல நினைவுக்கு அவர் கொடுத்த விலை அது. மேடையில் பேசிய ஆறு ஆண்களைக் குறை சொல்லும் நான் ஏழாவது ஆள்.

*

இன்னும் ஒருத்தியைப் பற்றிப் பேசாமல் முடித்தால் இதுவும் இன்னொரு நினைவஞ்சலியாகிவிடும்.

இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு ஆன்ட்டி தானாகவே ஆரம்பித்தார். "எனக்காவது அங்க ஒரு போட்டோ மாட்டியிருக்காங்க. சமையக்காரிக்கு என்ன இருக்கு?" கீழே ஒரு கிராமத்திலிருந்து வந்து இருபது ஆண்டுக்கு மேல் அந்த இல்லத்தில் சமைத்த பெண். நாங்கள் உண்ட ரொட்டியும் சோறும் அவள் கையால் ஆனவை. பாராட்டுப் புத்தகத்தில் நாங்கள் எழுதியதெல்லாம் ஆன்ட்டிக்கு. அவளை உணவறைக்குள் அழைத்து நன்றி சொன்னதாக எனக்கு ஒரு நினைவும் இல்லை. கழிவறை கழுவியவர்களின் முகங்கூட நினைவில்லை. அந்த வேலைக்கு எப்போதும் ஒரே சாதியிலிருந்து ஆள் வந்ததையும் விடுமுறைக்குப் போன நாங்கள் யாரும் கேள்வி கேட்டதில்லை.

"ஒரு சீசன்ல அவ பிள்ளைக்குக் காய்ச்சல்னு மூணு நாள் வரல. சம்பளத்தைப் பிடிச்சிட்டேன். ஊழியத்துல இப்படி நின்னா எப்படின்னு கேட்டேன்" என்றார் ஆன்ட்டி. கொஞ்சநேரம் கழித்து, "என்கிட்ட அவங்க சொன்னதைத்தான் நான் அவகிட்ட சொன்னேன்" என்றார்.

அந்த வயதில், அந்த அறையில் உட்கார்ந்து, இவ்வளவு நேராகத் தன்னைப் பார்க்க அவரால் முடிந்தது. ஊழியம் என்ற சொல் எப்படி மேலிருந்து கீழே ஒவ்வொரு பெண் தலையிலும் இறங்குகிறது என்பதை எந்தக் கோட்பாட்டு நூலைவிடவும் தெளிவாக எனக்குச் சொன்னவர் அவர்தான். அன்று மேடையில் சொல்லியிருக்க வேண்டிய நினைவு இதுதான். முகம் சுளிக்காத தாய் என்பதைவிடப் பெரிய ஆள் அவர்.

தோழிகளே, அன்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்பைக் கூலியாகக் கொடுக்காதீர்கள் என்கிறேன். தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்று வைத்தது. தொகை சிறிது. ஆனால் வீட்டுக்குள் நடப்பதும் உழைப்பு என்று ஓர் அரசாணை ஒப்புக்கொண்டுவிட்டது. சபைகளும் மிஷன்களும் மடங்களும் அறக்கட்டளைகளும் அதையாவது ஒப்புக்கொள்ளட்டும். ஹோஸ்டஸ், மேட்ரன், வார்டன், ஆயா, சமையல் என்று எந்தப் பெயரில் பெண்களை வைத்திருந்தாலும், வேலை நேரத்தையும் ஊதியத்தையும் எழுத்தில் கொடுங்கள். ஆள் எண்ணிக்கை குறைவு என்ற ஓட்டையில் ஒளியாமல் வைப்பு நிதியும் பணிக்கொடையும் கொடுங்கள். வாழ்நாள் முழுவதும் உங்கள் கூரையின் கீழ் இருந்தவளுக்கு ஓய்வுக்காலத்தில் ஒரு கூரை கொடுங்கள். இரவில் அவள் கதவைத் தட்டக் கூடாத நேரம் எது என்று பலகையில் எழுதி வையுங்கள்.

படிக்கும் மாணவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில் எங்காவது ஒரு விடுமுறை இல்லத்தில் தங்கினால், பாராட்டுப் புத்தகத்தில் எழுதுவதற்கு முன் சமையலறைக்குப் போங்கள். யார் சமைத்தது, பெயர் என்ன, சம்பளம் என்ன, வாரத்தில் எந்த நாள் லீவு என்று கேளுங்கள். அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். புத்தகத்தில் அவர் பெயரையும் எழுதுங்கள்.

அந்தச் சமையல்கார அம்மாவை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். வத்தலகுண்டு பக்கம் மகளோடு இருப்பதாகச் சொன்னார்கள். வருகிற விடுமுறையில் தோழியோடு போகிறேன். இந்த முறை கவிதை எடுத்துப் போகவில்லை. கணக்குப் பார்க்க ஒரு நோட்டும் பேனாவும்தான்.